சிறுதொழில் நடத்துவோரும் பழைய கணிப்பொறிகளும்

சிக்கனம் என்பது நம் நாட்டார்க்கு இயல்பாய் அமைந்த நற்குணங்களுள் ஒன்று. தந்தை வாங்கிய தராசில் மகன் நிறுப்பதும், பாட்டனார் காலத்துத் தையல் இயந்திரத்தில் பேரன் தைப்பதும் இந்நாட்டில் எங்கும் காணத்தக்க காட்சிகளாம். ஒரு கருவி உழைக்கும்வரை அதனை உழைக்க விடுவதே முறை. உழைக்கும் கருவியைக் கழித்துவிட்டுப் புதியது தேடுவது வீண் ஆடம்பரம் என்பது நம் முன்னோர் கொண்ட கொள்கை. அக்கொள்கையைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், எல்லாக் கருவிகளுக்கும் அஃது ஒருபடித்தாய்ப் பொருந்துமோ என்பதைச் சிறிது ஆராய்தல் வேண்டும். கணிப்பொறிக்கு அது பொருந்தாது என்பதும், பொருந்தாமையைச் சிறுதொழில் நடத்துவோர்க்குத் தக்கவாறு எடுத்துரைக்கும் கடமை கற்றோர்க்கு உண்டு என்பதும் இக்கட்டுரையிற் கூறப்புகுந்த பொருள்களாம்.

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், திருநின்றவூரையும் வேப்பம்பட்டையும் கடந்தால் வருவது செவ்வாப்பேட்டை ரோடு நிலையம். 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திற்கும் வாலாஜாவிற்கும் இடையே திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை இவ்வழியே சென்றதாகும். இதற்கு மேற்கே புட்லூர், அதற்கப்பால் திருவள்ளூர். திருவள்ளூரை ஒட்டிக் காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கின்றது. மாவட்டத்தின் வடகோடியில் கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழில் வளாகம் அமைந்துள்ளது. பெரிய ஆலைகளின் பெயர்களை யாவரும் அறிவர். ஆனால் அவ்வாலைகளுக்கு வேண்டிய உறுப்புகளைக் கடைந்து கொடுக்கும் லேத்துப் பட்டறைகளும், எடைமேடைகளும், அச்சகங்களும், இரும்புக்கடைகளும், மருந்துக்கடைகளும், அரிசி மண்டிகளும் எத்தனை குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இவ்விடங்களுள் கணிப்பொறி இல்லாதது இக்காலத்தில் அரிது. 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வரி நடைமுறைக்கு வந்ததும், 2018 ஏப்ரல் முதல் சரக்கு வண்டிகளுக்கு இ-வே பில் வேண்டப்பட்டதும், பேரேட்டிலும் மைக்கூட்டிலும் நடந்த கணக்கு முழுவதையும் அப்பெட்டிக்குள் தள்ளிவிட்டன.

சென்ற விடுமுறையில் செவ்வாப்பேட்டையைச் சூழ்ந்த சில கடைகளையும் பட்டறைகளையும் கண்டு வரும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. ஒரு லேத்துப் பட்டறையின் சொந்தக்காரர் நம்மை அன்புடன் வரவேற்றுத் தேநீர் தருவித்தார். ஆறு பேர் அவரிடம் வேலை செய்கின்றனர். மேசை மேலிருந்த கணிப்பொறியில் விண்டோஸ் 7 ஓடிக்கொண்டிருந்தது. "ஐயா, இதற்கு 2020ஆம் ஆண்டோடு பாதுகாப்பு நின்றுவிட்டதே, மாற்றிக்கொள்ளலாகாதா?" என்று வினவினோம். அவர் புன்னகை செய்து, மூலையிலிருந்த லேத்தைச் சுட்டிக்காட்டி, "தம்பி, அது என் தகப்பனார் வாங்கியது. இன்றைக்கும் ஒரு நூல் பிசகாது. அதுவும் ஓடுகிறது, இதுவும் ஓடுகிறது. பால் கறக்கிற மாட்டை ஏன் விற்கச் சொல்லுகிறீர்கள்?" என்றார். நமக்கு உடனே விடை கூற இயலவில்லை. அவர் கூற்றில் நியாயம் இருந்தது. அவர் கல்லாதவர் அல்லர்; கஞ்சருமல்லர். தம் தொழில் தமக்குக் கற்பித்ததையே அவர் கூறினார். ஆதலின் அவ்வினாவிற்குத் தக்க விடையைத் தேடுவதே முறையென்று திரும்பினோம்.

விடை யாது? லேத்து நான்கு சுவர்களுக்குள் தனித்து நின்று உழைக்கும் கருவி. அதன் பகை தேய்மானமும் துருவுமே. பழுது நேர்ந்தால் அது வாய்விட்டுச் சொல்லும்: ஒலி மாறும், சூடேறும், கடைந்த பொருள் அளவு தவறும். எண்ணெயிட்டுக் காப்பவனுக்கு அது தலைமுறை தலைமுறையாய் உழைக்கும். கணிப்பொறியோ அத்தகையதன்று. அஃது இணையத்தோடு தொடுக்கப்பட்ட நொடியிலேயே உலகம் முழுவதற்கும் வாயில் திறந்த வீடாகின்றது. அதற்குத் தேய்மானத்தால் வரும் கேடு சிறிது. வெளியே நிற்பார் நாள்தோறும் புதிது புதிதாய்க் கற்றுக்கொள்ளும் களவால் வரும் கேடே பெரிது. அப்பெட்டி நேற்றிருந்தபடியே இன்றும் இருக்கலாம். கள்வனோ நேற்றிருந்தபடி இன்று இல்லை. மேலும், கேடு உட்புகுந்த பின்னும் அப்பெட்டி வழக்கம்போல் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே 'ஓடுகிறது' என்பது லேத்திற்கு நற்சான்று. கணிப்பொறிக்கு அது சான்றே அன்று.

இதனை இன்னும் சிறிது விளக்குவோம். கணிப்பொறியின் உறுப்புகளையும், அதில் நாம் பயன்படுத்தும் டாலி முதலிய மென்பொருள்களையும் ஒருங்கே ஆளும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்பர். விண்டோஸ் என்பது அவ்வகையில் ஒன்று, லினக்ஸ் மற்றொன்று. இவை மனிதர் எழுதிய எண்ணிறந்த கட்டளை வரிகளால் ஆனவை. மனிதர் எழுதியதில் பிழை இராமற் போகாது. அப்பிழைகளுட் சில கள்வர் நுழைதற்குரிய ஓட்டைகளாய் அமைந்துவிடும். ஓட்டை தெரியவருந்தோறும் அதனை அடைத்து, அடைப்பை இணையத்தின் வழியே யாவர்க்கும் அனுப்புவது அதனை ஆக்கினோர் கடமை. விண்டோஸை ஆக்கிய மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை இத்தகைய திருத்தங்களை வெளியிடுவதை வழக்கமாகக் கொண்டுள்ளது.

நம் மாவட்டத்தார்க்கு இது புதிய செய்தியன்று. ஏரிகள் நிறைந்த நாடு இது. கோடைகாலத்தில் ஊரார் ஒன்றுகூடி ஏரிக்கரையைப் பார்த்து, எலிவளை கண்ட இடத்தை அடைத்து, கரைந்த இடத்தில் மண்ணிட்டு, மதகைச் செப்பனிட்டு வைத்தனர். இதற்குக் குடிமராமத்து என்று பெயர். "சென்ற மழையில் கரை உடையவில்லையே, இவ்வாண்டு மராமத்து எதற்கு?" என்று அறிவுடைய குடியானவன் எவனும் கேட்டதில்லை. சென்ற மழையில் உடையாமைக்கு முன் செய்த மராமத்தே காரணம் என்பதை அவன் அறிவான். மாதந்தோறும் வரும் திருத்தமே கணிப்பொறியின் குடிமராமத்து. ஆக்கியோர் அம்மராமத்தை நிறுத்திவிட்ட இயங்குதளம், கரையைப் பார்க்க ஆளில்லாத ஏரி போன்றதாகும்.

எவ்வெவற்றிற்கு மராமத்து நின்றது என்பதையும் ஈண்டுக் கூறுதல் தகும். 2001ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நின்றது. 2009இல் வந்த விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 8.1க்கு 2023 ஜனவரி 10. 2015இல் வந்த விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14. நின்ற பின் நேர்வது யாதெனில், புதிய இயங்குதளத்திற்கு வெளியிடப்படும் ஒவ்வொரு திருத்தமும் பழையதற்குப் பகையாகின்றது. கள்வர் அத்திருத்தத்தை ஆராய்ந்து, அஃது எவ்வோட்டையை அடைத்தது என்று கண்டறிவர். அதே ஓட்டை பழைய தளத்திலும் இருக்குமாயின், அஃது என்றும் அடைபடாது என்பதும் அவர்க்குத் தெரியும். காலம் செல்லச் செல்ல இவ்வபாயம் வளருமேயன்றிக் குறையாது.

நிற்க. இவையெல்லாம் வெறும் அச்சுறுத்தல் என்று கூறுவாரும் உளர். அவர்கள் 2017ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை நினைவு கூர்வார்களாக. அவ்வாண்டு மே 12ஆம் தேதி 'வானாகிரை' என்னும் தீநிரல் ஒன்று உலகமெங்கும் பரவிற்று. அது புகுந்த கணிப்பொறியிலுள்ள கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறவுகோல் வேண்டுமாயின் முந்நூறு டாலர் மதிப்புள்ள பிட்காயின் தருக என்று கேட்டது. சில நாட்களுக்குள் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் அதற்கு இரையாயின. இங்கிலாந்து நாட்டின் பொது மருத்துவச் சேவையில் நோயாளிகளுக்குக் குறித்திருந்த ஏறக்குறைய 19,000 மருத்துவ நேரங்கள் கைவிடப்பட்டன என்று மதிப்பிடப்பட்டது. நம் நாடும் தப்பவில்லை. ஆந்திர மாநிலப் போலீஸ் அலுவலகக் கணிப்பொறிகளும், திருப்பதி தேவஸ்தானத்தின் கணிப்பொறிகள் சிலவும் தாக்குண்டன. சென்னையை அடுத்த ஒரகடத்திலுள்ள ரெனோ-நிசான் கார்த் தொழிற்சாலையும் பாதிக்கப்பட்டது என்று அக்காலத்து நாளிதழ்கள் எழுதின.

இந்நிகழ்ச்சியில் ஊன்றிக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. வானாகிரை நுழைந்த ஓட்டைக்குரிய அடைப்பை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்னரே, 2017 மார்ச்சு 14ஆம் தேதி, விலையின்றி வெளியிட்டிருந்தது. தாக்குண்டவற்றுள் மிகப்பெரும் பகுதி, அந்நாளில் இன்னும் மராமத்துப் பெற்றுவந்த விண்டோஸ் 7 கணிப்பொறிகளே. அடைப்பு வந்து வாயிலில் நின்றது. உடையவர் அதனை உள்ளே விடவில்லை. ஆகவே கடமை இரண்டாகும்: மராமத்து உள்ள இயங்குதளத்தை வைத்திருத்தல் ஒன்று, வரும் திருத்தங்களை 'பிறகு பார்ப்போம்' என்று தள்ளாது ஏற்றுக்கொள்ளுதல் மற்றொன்று. முன்னதைச் செய்து பின்னதைச் செய்யாதவன் பாதி கரை கட்டியவனே.

"நாம் சிறியவர், நம்மிடம் கள்வனுக்கு என்ன கிடைக்கும்?" என்பது அடுத்த வினா. கத்தியோடு வரும் திருடன் வீட்டின் செல்வத்தை நோக்கி வருவான். வானாகிரை போன்ற புழுவோ பெயரையும் முகவரியையும் கேட்பதில்லை. திறந்திருக்கும் கதவுகள் எவை என்று உலகம் முழுவதையும் தட்டிப் பார்த்துக்கொண்டே செல்கின்றது, திறந்ததில் நுழைகின்றது. பெரிய நிறுவனத்திற்குக் காவலரும் நிபுணரும் உண்டு. இழப்பைத் தாங்கும் முதலும் உண்டு. சிறிய பட்டறைக்கு அவை இல்லை. யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்னும் பாக்கிக் கணக்கு, ஆலைகளிலிருந்து வந்த வரைபடங்கள், தொழிலாளர் சம்பளக் கணக்கு, 72 மாதங்கள் வரை காத்துவைக்குமாறு ஜி.எஸ்.டி. சட்டம் கட்டளையிடும் வரிக் கணக்குகள் ஆகியவை கள்வனுக்குப் பயனற்றவையே. உடையவனுக்கோ அவை உயிர். பணயம் கேட்பவன் விற்பது அவனுக்குப் பயனுள்ளதையன்று; நமக்கு இன்றியமையாததையே நமக்குத் திரும்ப விற்கின்றான். சிறியவர் என்பதால் நாம் தப்புவதில்லை. சிறியவர் என்பதால் எழுந்திருப்பதே கடினமாகின்றது.

அன்றியும், கேடு நம்மோடு நிற்பதில்லை. ஓர் ஏரியின் கரை உடைந்தால் கீழேயுள்ள ஏரியும் உடைவது போல, ஒரு பட்டறையின் பெட்டியில் புகுந்த புழு அதனோடு தொடர்புடைய பிறரையும் சேரக்கூடும். 2018 ஆகஸ்டு மாதத்தில், உலகில் பெரிய சில்லு ஆலைகளை நடத்தும் தைவான் நாட்டு டி.எஸ்.எம்.சி. நிறுவனத்தில் பல ஆலைகள் நின்றுபோயின. புதிதாய் நிறுவிய இயந்திரம் ஒன்றின் மென்பொருளைச் சோதியாமல் ஆலையின் வலையமைப்போடு இணைத்ததே காரணம். உட்புகுந்தது வானாகிரையின் ஒரு வகையே. அதற்கு அடைப்பு வெளிவந்து ஓராண்டிற்கு மேலாகியிருந்தது. அத்தகைய நிறுவனத்திற்கே ஒரு சிறு சோர்வால் அந்நிலை நேர்ந்ததெனின், கும்மிடிப்பூண்டியிலும் காக்களூரிலும் பென் டிரைவில் வரைபடங்களைச் சுமந்து ஆலைக்கும் பட்டறைக்கும் நடக்கும் நம்மவர் எவ்வளவு விழிப்பாய் இருத்தல் வேண்டும்!

இனி, சிறுதொழில் நடத்துவோர் கூறும் தடைகளை நேர்மையாய் நோக்குவோம். அவற்றை அறியாமை என்று தள்ளுவது அறிவுடைமையன்று.

முதல் தடை செலவு. விண்டோஸ் 10 உள்ள மெய்யான பிரதிக்கு விண்டோஸ் 11 விலையின்றியே கிடைக்கும். ஆனால் அது நான்கு ஜி.பி. நினைவகமும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், ஏறக்குறைய 2018ஆம் ஆண்டிற்குப் பிற்பட்ட மையச் செயலியும் வேண்டும் என்கின்றது. ஆகவே நன்றாய் உழைக்கும் பழைய பெட்டிகள் பல தகுதியிழக்கின்றன. இதில் சொந்தக்காரர்க்கு வரும் கோபம் நியாயமானதே. பழுதில்லாத பொருளைக் கழிக்கச் செய்வது நாட்டின் பொருளையும் நிலத்தையும் கெடுப்பதாகும் என்று நாமும் கருதுகின்றோம். கட்டணம் செலுத்தி நிறுவனங்கள் விண்டோஸ் 10க்கு 2028 அக்டோபர் வரை திருத்தம் பெறும் வழி உண்டு. ஆனால் பெட்டி ஒன்றுக்கு முதலாண்டில் 61 டாலர் என்றும், ஆண்டுதோறும் இரு மடங்கு என்றும் அக்கட்டணம் விதிக்கப்பட்டது. அது தவணை பெறுதலேயன்றித் தீர்வாகாது.

ஆயினும் வேறொரு வழியுண்டு. அதனை நம் மாநிலமே முன்னர்க் கண்டிருக்கின்றது. 2014 ஏப்ரலில் எக்ஸ்.பி.க்கு மராமத்து நின்றபொழுது, தமிழ்நாட்டு அரசு தன் அலுவலகங்களில் 'பாஸ்' லினக்ஸை நிறுவுமாறு அறிவுறுத்தியது. அது மைய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய, விலையில்லாத இயங்குதளம். அதற்கு முன்னரே, 2011 செப்டம்பர் 15ஆம் தேதி நம் காக்களூரில் தொடங்கப்பெற்ற மாணவர் மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. அன்று அம்மடிக்கணினியைக் கையில் வாங்கிய பிள்ளைகளுட் பலர் இன்று கடையும் பட்டறையும் நடத்தும் வயதினர். இணையத்தில் வரிக் கணக்கு அனுப்பவும், கடிதம் எழுதவும், வங்கிக் கணக்குப் பார்க்கவும் மட்டும் பயன்படும் பழைய பெட்டிக்கு உபுண்டு, மின்ட் முதலிய லினக்ஸ் வகைகள் ஏற்றவை. ஆனால் மறையாது கூற வேண்டுவதும் ஒன்றுண்டு. டாலி விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. ஆதலின் டாலியில் கணக்கெழுதும் பெட்டியை லினக்ஸுக்கு மாற்றுதல் எளிதன்று. டிஜிட்டல் கையொப்பக் கருவியும் அச்சிடும் கருவியும் இசைந்து இயங்குமா என்பதையும் முன்னரே பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். இதனைச் சொல்லாமல் மாற்றிக் கொடுப்பவர் நன்மை செய்யப் புகுந்து தீமை செய்தவராவர்.

இரண்டாம் தடை, பழைய இயந்திரங்களோடு பிணைந்த மென்பொருள். சி.என்.சி. இயந்திரத்தையோ எடைமேடையையோ ஆளும் மென்பொருள் எக்ஸ்.பி.யில் மட்டுமே ஓடும். அதனைச் செய்த நிறுவனமே மூடப்பட்டிருக்கும். இவர்களிடம் "மாற்றுக" என்று கூறுவது, பல லட்சம் மதிப்புள்ள இயந்திரத்தை எறிக என்பதற்கு ஒப்பாம். இவர்க்குரிய அறிவுரை வேறு: அப்பெட்டியை இணையத்தினின்றும் பிற பெட்டிகளினின்றும் பிரித்து வையுங்கள், அதில் மின்னஞ்சல் பாராதீர்கள், வரைபடத்தைக் கொண்டு செல்லும் பென் டிரைவ் ஒன்றைத் தனியே ஒதுக்கி, ஒவ்வொரு முறையும் வேறொரு பெட்டியில் சோதித்த பின்னரே செருகுங்கள். தனித்து நிற்கும் பெட்டி மீண்டும் லேத்தைப் போன்றதாகிவிடுகின்றது.

மூன்றாம் தடையை எவரும் வாய்விட்டுக் கூறார், நாம் கூறுவோம். கடைத்தெருவில் சில நூறு ரூபாய்க்கு ஏற்றித் தரப்படும் விண்டோஸ் கள்ளப் பிரதியாய் இருத்தல் உண்டு. அதனை உடையவர், அகப்பட்டுக்கொள்வோம் என்னும் அச்சத்தால் திருத்தங்களையே அடைத்து வைக்கின்றனர். ஒரு தவற்றை மறைக்கப் பாதுகாப்பையே துறக்கின்றனர். விலை கொடுக்க இயலாதாயின் விலையில்லாத நேர்வழி லினக்ஸில் உண்டு என்பதை அவர்க்கு இகழ்ச்சியின்றி எடுத்துரைத்தல் வேண்டும்.

நான்காம் தடை நேரம். "ஒரு நாள் பில் போட இயலாவிட்டால் வியாபாரம் என்னாவது?" என்பர். இதற்கு நம் நாட்டு வழக்கமே விடை தருகின்றது. ஆயுத பூஜையன்று பட்டறை முழுவதும் கழுவி, கருவிகளைத் துடைத்து, கணிப்பொறிக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு, அன்று அதற்கு ஓய்வு கொடுக்கின்றோம். வெளிப்புறத்திற்குச் செய்யும் அச்சிறப்போடு உட்புறத்திற்கும் மராமத்துச் செய்ய அதனை ஒட்டிய நாட்களினும் தக்க காலம் வேறுண்டோ?

செய்யும் முறையையும் சுருங்கக் கூறுவோம். முதலாவது, கடையில் உள்ள பெட்டிகள் எத்தனை, ஒவ்வொன்றிலும் எந்த இயங்குதளம், எதற்குப் பயன்படுகின்றது என்று ஒரு தாளில் எழுதுக. இரண்டாவது, கணக்குகளையும் வரைபடங்களையும் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, அதனைப் பெட்டியிலிருந்து கழற்றி வேறிடத்தில் வைக்க. செருகியபடியே இருக்கும் பிரதியையும் புழு பூட்டிவிடும். மூன்றாவது, அப்பிரதி திறக்கின்றதா என்று வேறொரு பெட்டியில் திறந்து பார்க்க. நான்காவது, ஒரு பெட்டியை மட்டும் முதலில் மாற்றிச் சில நாட்கள் பழகுக. குறை இல்லையெனக் கண்ட பின் மற்றவற்றை மாற்றுக. ஐந்தாவது, திருத்தங்கள் தாமே ஏறுமாறு அமைத்து, மாதம் ஒருமுறை நோக்குக. இத்தனைக்கும் மேலாகத் தீங்கு நேர்ந்துவிட்டால் மறைத்துக்கொண்டு கள்வனுக்குப் பணம் அனுப்பாதீர்கள். பணம் போயிற்றெனில் 1930 என்னும் எண்ணை உடனே அழைத்தல் வேண்டும். கணிப்பொறி தாக்குண்டதை ஆறு மணி நேரத்திற்குள் செர்ட்-இன் என்னும் மைய அரசு அமைப்பிற்கு அறிவித்தல் வேண்டும் என்று 2022ஆம் ஆண்டின் ஆணை கூறுகின்றது.

மீண்டும் அந்த லேத்துப் பட்டறைக்குச் சென்றோம். இம்முறை அறிவுரை கூறவில்லை. ஒரு வினா மட்டும் கேட்டோம். "ஐயா, இந்தப் பெட்டி நாளைக் காலை திறவாமற்போனால், யார் யார் உங்களுக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதை எதைக் கொண்டு அறிவீர்கள்?" அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின், "சனிக்கிழமை சம்பளம் கொடுக்க வேண்டுமே, தம்பி" என்றார். அச்சொல் நம் உள்ளத்தில் தைத்தது. அவர் தம் பணத்தை முதலில் நினைக்கவில்லை. தம்மை நம்பிய ஆறு பேரின் வார ஊதியத்தை நினைத்தார். அன்று மாலையே கணக்குகளைப் பிரதி எடுத்துக் கழற்றி வைத்தோம். இயந்திரத்தோடு பிணைந்த பெட்டி இணையத்தினின்று பிரிக்கப்பட்டது. கணக்கெழுதும் பெட்டியைத் தீபாவளிக்கு மேல் மாற்றுவதாகக் கூறியிருக்கின்றார். முழு வெற்றியென்று இதனைக் கூறோம். ஆனால் கரையில் ஓர் எலிவளை அடைபட்டது.

இதனால் நாம் கற்றது யாது? அச்சுறுத்திப் பெறும் இணக்கம் நிலையாது. ஏளனம் செய்து பெறும் இணக்கம் கிடையவே கிடையாது. "இந்தக் காலத்திலும் விண்டோஸ் 7 வைத்திருக்கிறீர்களா?" என்று நகைப்பவன் வாயிலிலேயே தோற்றுவிடுகின்றான். அவர் எதனைக் காக்க விரும்புகின்றார் என்று முதலிற் கேட்டு, அதனைக் காக்கும் வழியாகவே புதுக்கத்தை எடுத்துரைத்தல் வேண்டும். சிக்கனத்தை விடுக என்று நாம் கூறவில்லை. சிக்கனத்தை முடிவு வரை கணக்கிடுக என்றே கூறுகின்றோம். மராமத்துச் செலவை மிச்சப்படுத்திய குடியானவன் விளைச்சலை இழப்பானாயின், அவன் மிச்சப்படுத்தியது யாது?

மாணவ நண்பர்களே, நம்முட் பலர் இத்தகைய கடைகளும் பட்டறைகளும் ஈட்டிய பொருளால் கல்வி பெறுவோர். தந்தையின் கடைக் கணிப்பொறியில் எந்த இயங்குதளம் ஓடுகின்றது என்பதை அறியாமலேயே வகுப்பில் கணிப்பொறி இயலைப் பயில்வோரும் நம்மிடை உளர். பழைய மாணவர்களே, உங்களுட் சிலர் பெரிய நிறுவனங்களில் இப்பணியையே ஊதியத்திற்குச் செய்து வருகின்றீர்கள். ஆசிரியப் பெருமக்கள் வழிகாட்ட, மாதத்திற்கு ஒரு சனிக்கிழமை, ஒரு தெருவிற்கு நான்கு மாணவர் என்று சென்றாலும், ஓராண்டிற்குள் செவ்வாப்பேட்டைக் கடைத்தெருவில் மராமத்து இல்லாத பெட்டி அரிதாகிவிடும். அதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. ஒரு தாளும், ஒரு ஹார்டு டிஸ்க்கும், பொறுமையோடு கேட்கும் செவியும் போதும். கோடைக்காலத்தில் மண்வெட்டியோடு ஏரிக்கரைக்குச் சென்ற நம் முன்னோர் ஊரார்க்கு உபகாரம் செய்வதாக எண்ணவில்லை. தத்தம் கடமையைச் செய்வதாகவே எண்ணினர். அவ்வெண்ணமே நமக்கும் அமைவதாக. இவ்விடுமுறையில் வீட்டிற்குச் செல்லும் ஒவ்வொரு மாணவரும், உண்டு இளைப்பாறிய பின், தந்தையாரின் கடைக்கு ஒருமுறை சென்று அப்பெட்டியைத் திறந்து பார்ப்பாராக என்று வேண்டி இதனை முடிக்கின்றோம்.